டேலியாவுக்கு ட்ரிப்ஸ்

காலி சலைன் பாட்டிலில் தண்ணீரை நிரப்பித் தலைகீழாகப் பிடித்து, கட்டுத்துணியால் இரண்டு சுற்றுச் சுற்றி, மூங்கில் குச்சியின் உச்சியில் முடிச்சுப் போட்டார் அவர். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வார்டு உதவியாளராக இருந்து போட்ட முடிச்சு; கண்ணை மூடிக்கொண்டும் வரும். பிறகு குழாயின் சிறு சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினார். நிமிடத்துக்கு இருபது. குழாயின் நுனியை டேலியாச் செடியின் அடியில் மண்ணுக்குள் செருகிவிட்டு நிமிர்ந்தபோது, தானும் ஒன்று இருப்பதை இடுப்பு நினைவுபடுத்தியது.

“ஏழாவது பெட்டும் நிரம்பிடுச்சா?” என்றாள் சமையலறை ஜன்னலிலிருந்து அவருடைய தங்கை. “விசிட்டிங் டைம் எத்தனை மணிக்குண்ணே?”

“உன் வாய்க்குத்தான் ஒரு கட்டுப் போடணும்.”

தங்கை புருஷன் போனபின் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. அவள் வராவிட்டால் அவர் சுவரோடுதான் பேசிக்கொண்டிருப்பார். படுக்கையில் விழுந்த அப்பாவை ஒன்பது வருடம் புரட்டிப் போட்டுத் துடைத்து முடித்தபோது அவருக்குக் கல்யாண வயது கடந்திருந்தது. பகலில் வார்டில் இருபது பேர், இரவில் வீட்டில் ஒருவர். அதற்கு நடுவே பெண் பார்க்கப் போக எந்த ஷிப்டிலும் இடம் இல்லை.

சுவரோடு பேசுவது என்றால் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மார்பளவுச் சுவர் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் இருந்தவளைத் தெருவில் எல்லோரும் கண்ணாடியம்மா என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்தவள், புருஷன் இல்லாதவள், தோட்டம் முழுக்க டேலியா வைத்திருந்தவள். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பதினான்கு வருடத்தில் அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் சுவரருகில் போய் நின்று, “இருக்கீங்களா?” என்பார். “இருக்கேன்,” என்று பதில் வரும். அதற்கு மேல் பேச்சு மண், மழை, முட்டிவலி. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காகவே அவர் நாலு மணிக்கே சட்டையை மாற்றிக்கொள்வார் என்பதைத் தங்கை கவனித்திருந்தாள்.

குளிர்காலக் கடைசியில் கண்ணாடியம்மாவின் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. மருமகனுக்கு வெளியூரிலேயே வேலை. உதவிக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு மாதம் என்று போனவளுக்கு ஒரு வருடமானாலும் ஆகும் என்று தெரிந்ததும், ஒருநாள் வந்து வீட்டைப் பூட்டினாள். போகும்போது சுவருக்கு மேலே ஒரு செருப்புப் பெட்டியை நீட்டினாள். மரத்தூளுக்குள் ஏழு கிழங்குகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் கடையில் ஃபிரேமில் கட்டும் குட்டி அட்டை. அதில் பூவின் நிறம்.

“கண்ணு இருக்கற கிழங்கா பாத்து எடுத்திருக்கேன். முளைக்கிற வரைக்கும் தண்ணி காட்டாதீங்க. அப்புறம் ஒரு விஷயம். உச்சி வெயில்ல இலை தொங்கும். நம்பாதீங்க. அது நடிக்கும். மண்ணுல விரல் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா பேசாம வந்துடுங்க.”

“சரி.”

“முதல் பூ வந்ததும் போன் பண்ணுங்க. எப்படியாவது வந்து பாத்துட்டுப் போறேன்.”

இதில் கடைசி வரியை மட்டும் அவர் மனப்பாடம் செய்துகொண்டார்.

அந்தக் கோடை சாதாரணக் கோடை இல்லை. பத்து மணிக்கே தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். முழங்கால் உயரம் வந்த செடிகள் நடுப்பகலில் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. அவருக்கு ஜன்னலருகே இருப்புக் கொள்ளவில்லை. துவண்டு கிடக்கிற ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வார்டில் வாய் உலர்ந்து கண் சொருகிக் கிடப்பவனுக்கு முதல் காரியம் ட்ரிப்ஸ். காரணத்தை டாக்டர் அப்புறம் வந்து பார்த்துக்கொள்வார். நடிக்கிறவர்களையும் அவர் பார்த்திருக்கிறார், இல்லாமலில்லை. அவர்களுக்கும் ஒரு பாட்டில் ஏற்றித்தான் அனுப்புவார்கள்.

ஆகவே ஏழு குச்சி, ஏழு பாட்டில். ஒரு நோட்டில் சார்ட்டும் எழுதினார்: காலை வெயில், மதிய வெயில், குடித்த அளவு, இலையின் நிலை. தங்கை அதை எடுத்துப் பார்த்தாள்.

“மோஷன் போச்சான்னு ஒரு கட்டம் விட்டுட்டியே.”

வாடகைக்கு வாங்கி வந்த மூச்சில் நிற்பது போல இரண்டு வாரம் செடிகள் நின்றன. பிறகு மஞ்சள் அடித்தது. மஞ்சள் அடிக்க அடிக்கச் சொட்டைக் கூட்டினார். ஆறு பாட்டிலும் சமர்த்தாகக் காலியாயின. ஏழாவது, ‘கருஞ்சிவப்பு’ என்று அட்டை கட்டியது, அதுதான் கவலை தந்தது. அதன் பாட்டில் இறங்கவே இல்லை. ‘குடிக்க மறுக்கிறது’ என்று சார்ட்டில் எழுதினார்.

கண்ணாடியம்மா இரண்டு முறை தங்கைக்குப் போன் செய்தாள். பின்னணியில் குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று அழுதன.

“செடியெல்லாம் எப்படி இருக்கு?”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் எதிரே நின்று, எல்லாம் அமோகம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“நல்லா இருக்குதாம்,” என்றாள் தங்கை. போனை வைத்துவிட்டு, “எனக்குப் பொய் சொல்லத் தனியா சம்பளம் தரணும்,” என்றாள்.

மறுவாரம் அவள்தான் காய்ந்த செடி ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வேர் என்று எதுவும் இல்லாமல் கையோடு வந்தது. அழுகல் நாற்றம் அடித்தது. அவர் மண்வெட்டியால் தோண்டினார். கிழங்கு கூழாகி விரலுக்குள் நழுவியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஆறு குழிகளைத் தோண்டி முடித்து அங்கேயே குந்தி உட்கார்ந்தார்.

“தாகத்துல சாகல,” என்றார். “மூழ்கிச் செத்திருக்கு.”

தங்கை மண்வெட்டியை வாங்கிக் குழிகளை மூடினாள்.

ஏழாவதைத் தோண்டப் பயமாக இருந்தது. குழாயை மட்டும் மெல்ல உருவினார். நுனியில் களிமண் அடைத்துக்கொண்டு கல்லாகியிருந்தது. வார்டில் ஊசி அடைத்தால் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கிற மனிதர், செடி என்றதும் குடிக்க அதற்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு மாதம் நம்பியிருக்கிறார். அது உயிரோடு இருந்தது, தங்கை இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜன்னல் வழியாக விசிறிய காய்கழுவிய தண்ணீரால்.

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காக விரலை விட்டு ஈரம் பார்த்தார். வைக்கோல் பரப்பினார். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பச்சைத் திரைத்துணியை மேற்குப் பக்கம் கட்டினார். ஆனால் வெயில் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. இலைக்கு அடியில் செம்பேன் பூச்சி ஏறிச் செடி சாம்பல் பூத்தது. அந்த நிலையிலும் அது உச்சியில் ஒரு மொட்டு விட்டது. சுண்டைக்காய் அளவு. பச்சை உறையின் பிளவில் காய்ந்த ரத்தத்தின் நிறம்.

அவர் காலையில் பார்த்தார், மதியம் பார்த்தார், இருட்டும்வரை பார்த்தார். பூத்தால் போன் செய்யலாம். போன் செய்தால் அவள் வருவாள். நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும். மொட்டின் விளிம்பு ஒருநாள் பழுப்பானது. அடியிலிருந்து நாலு இலை உதிர்ந்தது. மொட்டைப் பிழைக்க வைக்கச் செடி செத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கே புரிந்தது. கர்ப்பிணிகள் வார்டிலும் வேலை பார்த்தவர்தானே. என்ன செய்வது என்று கேட்க இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தாள். அவளிடம் கேட்டால் ஆறு சாவையும் சொல்ல வேண்டும்.

“நீ கேக்கறியா, நான் கேக்கட்டுமா?” என்று தங்கை போனை நீட்டினாள். “நான் கேட்டா கையை விரிச்சுக் காட்டினதையும் சேத்துச் சொல்லுவேன்.”

சாயங்காலம் நாலு மணி. அவர் போனை எடுத்துக்கொண்டு சுவரருகே போனார். அங்கே நின்றால்தான் பேச வரும் போலிருந்தது.

“இருக்கீங்களா?”

பின்னணியில் குழந்தை அழுதது. பிறகு, “இருக்கேன்,” என்றாள். “பூத்துடுச்சா?”

“இல்ல. ஆறு செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். ட்ரிப்ஸ் போட்டேன்.”

“என்ன போட்டீங்க?”

சொன்னார். சொட்டுக் கணக்கு, சார்ட், அடைத்த குழாய், அமோகம் என்று கையை விரித்தது, எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது சிரிப்பின் மிச்சமா வேறெதுவுமா என்று அவர் கேட்கவில்லை.

“நடிக்கும்னு சொன்னேனே.”

“சொன்னீங்க.”

“ஏழாவது எப்படி இருக்கு?”

மொட்டைப் பற்றிச் சொன்னார். செம்பேனைப் பற்றியும் சொன்னார்.

“வெட்டிடுங்க,” என்றாள். “மண்ணுலேர்ந்து ஒரு சாண் விட்டுட்டு மொத்தமா வெட்டுங்க. மொட்டோட. தண்டு உள்ளே புல்லாங்குழல் மாதிரி ஓட்டையா இருக்கும், தண்ணி இறங்கினா கிழங்கு அழுகும். அதை மூடிடுங்க. வெயில் இறங்கினதும் புதுசாத் துளிர்க்கும்.”

“எப்ப பூக்கும்?”

“எட்டு வாரம் ஆகும்.”

அவர் அந்த எட்டு வாரத்தை அப்படியே விழுங்கப் பார்த்தார். முடியவில்லை. “அப்போ எட்டு வாரம் கழிச்சுப் போன் பண்றேன்.”

“ஏன், பூ என்ன டிக்கெட்டா? அது இல்லாம உள்ள விடமாட்டாங்களா?”

அவர் சுவரில் உதிர்ந்திருந்த காரையை நகத்தால் சுரண்டினார்.

“எனக்கும் வரணும்னுதான் இருக்கு,” என்றாள் அவள், குரலைத் தணித்து. “இதுங்க ரெண்டும் நடக்க ஆரம்பிக்காம நகர முடியாது. இங்க பால்கனியில நின்னா எதிர் வீட்டுச் சுவர்தான் தெரியுது. வெறுஞ்சுவர். நாலு மணிக்கு அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறேன். நாளைக்கு வெட்டிட்டுச் சொல்லுங்க.”

மறுநாள் வெயில் ஏறும் முன்பு அவர் கட்டு வெட்டும் கத்தரியைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். ஏழு பாட்டிலையும் கழற்றினார். தண்டை ஒரு சாண் அளந்து, ஒரே வெட்டில் வெட்டினார். மொட்டும் பச்சைத் தண்டுமாக உச்சி கையோடு வந்தது. ஒரு நொடி பிடித்திருந்துவிட்டு அதைக் குப்பைக் குழியில் போட்டார். தண்டின் ஓட்டைக்கு மேல் சிறிதாகப் பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தினார். சார்ட்டில் தேதி போட்டு, ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதினார்.

பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார். மணி காலை ஆறரைதான்.

“போனுக்கு எதுக்குண்ணே சலவைச் சட்டை?” என்றாள் தங்கை.

அவர் காதில் விழாதது போலச் சுவரருகே போய் எண்ணை அழுத்தினார்.