குருவம்மாவுக்கு நான் சொன்ன பதில்

நான் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் செத்துப்போனாள்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கணவரிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கேட்டபின் என்னை வெறுத்துவிடுங்கள்... ஒருவேளை அதற்காகத்தான் சொல்கிறேனோ என்னவோ!

மல்லாங்கிணற்றில் நிலபுலம் உள்ள குடும்பம் எங்களுடையது. என் மகள் கமலா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இடது மார்பில் கட்டி வந்தது. மதராசுக்குக் கொண்டுபோனார்கள். மார்பை எடுத்தார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். ஊரில் ‘வயிற்றில் ஆபரேஷன்’ என்று சொல்லிவைத்தோம்.

புற்று என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. அது ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியவர்கள் அப்போது நிறையப் பேர். தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் என்று பயந்தவர்கள் அதைவிட அதிகம். எனக்கோ ஒரே மகள்!

பிழைத்துத் திரும்பினேன். என் கணவர் படுக்கையை முன்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். சண்டை இல்லை, கடுஞ்சொல் இல்லை. ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பார். ‘வலிக்கிறதா’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. குளிக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு குளித்தேன். என் உடம்பை நானே பார்க்கத் துணியவில்லை என்றால், வேறு யார் பார்ப்பார்கள்?

ஒருத்தி பார்த்தாள். அவள்தான் குருவம்மா.

மதராஸ் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவளுக்கு. சிவகாசிப் பக்கம் தாயில்பட்டிக்காரி. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். எனக்கு இடது பக்கம், அவளுக்கு வலது பக்கம். கை தூக்க முடியாமல் நான் தலைவிரிகோலமாகக் கிடந்தபோது, தன் நல்ல கையால் எனக்குச் சீவிவிட்டாள். முதல் தடவை துணியை விலக்கி என் தையலைப் பார்த்தவளும் அவள்தான்.

“அக்கா, நம்ம ரெண்டு பேரையும் சேத்து வச்சா ஒரு முழுப் பொம்பள!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன்...

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அவள் புருஷன் மதராஸ் பக்கம் வரவே மாட்டான். அவளுக்கோ எழுத்து தெரியாது. நான் இல்லாமல் அவளால் எழும்பூரில் இறங்கி அந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே போகும் நாளை என் கணவர் சிவகாசிக்குப் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவார். விருதுநகர் ஸ்டேஷனில் அவள் காத்திருப்பாள். என் கணவர் வேறு பெட்டியில் ஏறுவார். நாங்கள் இருவரும் பெண்கள் பெட்டியில்.

அந்தப் பயணத்தை உங்களுக்கு எப்படி விளக்குவேன்! போகும்போது பேச்சு வராது. ஒவ்வொரு தடவையும் ஒரு தீர்ப்பைக் கேட்கப் போகிறோம் அல்லவா? டாக்டரம்மாவின் விரல்கள் கக்கத்தையும் கழுத்தையும் தடவும். நாங்கள் அந்த விரல்களைக் கவனிப்பதில்லை, முகத்தைத்தான் கவனிப்போம். “ஒண்ணுமில்லை, போய்ட்டு வாங்க” என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த ஆறு மாதம் வாழ வேண்டும்.

திரும்பும்போது அவள் பொட்டலத்தைப் பிரிப்பாள். அவள் வறுத்த கருவாட்டை அவள் கையிலிருந்தே வாங்கித் தின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் தெரிந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆனால் விருதுநகரில் இறங்கியதும் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவேன். அவளும் கூப்பிட மாட்டாள். ரயிலுக்குள் அக்கா, தங்கை. நடைமேடையில் யாரோ, எவளோ.

இப்படியே சில ஆண்டுகள் ஓடின. கமலாவுக்குச் சாத்தூர்ப் பக்கம் நல்ல இடம் அமைந்தது. தீபாவளி கழிந்து அவர்கள் பூ வைக்க வந்தார்கள். கல்யாண அலைச்சலில் மதராஸ் போகும் நாள் தள்ளிப்போயிருந்தது. தாயில்பட்டிக்குச் சொல்லி அனுப்ப என் கணவர் மறந்துவிட்டார்.

கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பலகாரத் தட்டோடு நிற்கிறேன். வேலைக்காரி வந்து, “தாயில்பட்டியிலருந்து ஒரு பொம்பள வந்திருக்கு. கொல்லப்பக்கம் நிக்கிது” என்றாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் போனேன்.

கொல்லைக் கதவருகே குருவம்மா நின்றாள். கையில் கமலாவுக்கென்று ஒரு கட்டுக் கம்பி மத்தாப்பு. என் பட்டுச்சேலையைப் பார்த்தாள். உள்ளே கேட்ட பேச்சுச் சத்தத்தைக் கவனித்தாள். வேலைக்காரி காதில் விழும்படி, “கும்பிடுறேன் அம்மா” என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை... என் மானத்தைக் காக்க அவளாகவே அந்த உறவை விழுங்கிக்கொண்டாள்!

வேலைக்காரியை உள்ளே அனுப்பினேன். அதன்பிறகுதான் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லி விடுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அக்கா. எப்பப் போறோம்? சீசன் வேல முடிஞ்சிருச்சு. கக்கத்துல இங்கன ஒரு பயறு மாதிரி தட்டுப்படுது. எனக்குப் பயமா இருக்கு.”

என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கப் போனாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

கூடத்தில் சம்பந்தியம்மாள் என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. அவர்கள் எழுந்து இந்தப் பக்கம் வந்தால்? ‘யார் இவள், எதற்கு மதராஸ்’ என்று கேட்டால்? அவள் இனி எந்த நாளும் இந்த வாசலுக்கு வரக் கூடாது. அப்போது என் மனத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

“இனிமே நாம போக வேண்டாம் குருவம்மா. நமக்கு முழுசாக் குணமாயிட்டுதாம். வர வேண்டாம்னு டாக்டரம்மாவே சொல்லி அனுப்பிட்டாக” என்றேன்.

“நெசமாவா அக்கா! அப்ப இது?”

“அது வெறும் நரம்பு. எனக்குந்தான் இருந்துச்சு. தானாப் போயிடும்.”

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கண்ணில் நீர் வழிய, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். வலது கை பாதிதான் எழும்பியது. மத்தாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓட்டமாக ஓடினாள்.

தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

கல்யாணம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தையில் கல்யாணம் முடிந்தது. சொன்னேனா? இல்லை. முதலில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டால்தானே அதைச் சொல்ல முடியும்! மாசியில் நான் மட்டும் கணவரோடு மதராஸ் போனேன்.

“உங்ககூட வர்ற அம்மா எங்கே?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“அவளுக்கு வேலை அதிகம்...”

“அப்படி விடக் கூடாது. அவங்களை நான் பார்த்தே ஆகணும். உடனே வரச் சொல்லுங்க.”

தலையாட்டினேன். ஊர் திரும்பி வாயைத் திறக்கவில்லை. அப்போதாவது போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? தெரியாது. தெரியாது என்பதுதான் என் தண்டனை.

ஆடி மாதத்தில் மனம் தாங்காமல், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத் தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அவள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். பாயில் கிடந்தாள். வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கி, யாருடையதோ போல அவள் பக்கத்தில் கிடந்தது. மூச்சு வாங்கியது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“அக்கா! எங்க வீடு தேடி வந்துட்டீகளா! பாப்பா கல்யாணம் நல்லா முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“உங்களுக்கு? உங்களுக்குத் திரும்ப வரலையே?”

“இல்லை.”

“அது போதும் அக்கா. எனக்குத்தான் டாக்டரம்மா சொன்னது பொய்யாப் போச்சு.” கொஞ்ச நேரம் மூச்சுக்குத் திணறினாள். “எம் புருசன் அவுகள வையிறாரு. நான்தான் வையாதீகங்கேன். அவுகளும் மனுசிதானே? வேணும்னேவா சொல்லுவாக? தெரியாமச் சொல்லிருப்பாக. பாவம்.”

உங்களுக்குப் புரிகிறதா? அவள் மன்னித்துவிட்டாள்! மனமார மன்னித்துவிட்டாள்! எனக்குரிய மன்னிப்பு ஒரு குற்றமும் செய்யாத டாக்டருக்குப் போய்விட்டது. ‘அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்’ என்று ஒரு வாக்கியம்... அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் என் கண் முன்னால் உயிரோடு கிடந்தாள். நானும் அவளும் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

நான் சொல்லவில்லை. “ஆமா, பாவம்” என்றேன்.

ஆம்... அதைத்தான் சொன்னேன். கொல்லைக் கதவில் சொன்ன பொய்க்காவது ஒரு தாயின் பயம் என்று சாக்கு உண்டு. இதற்கு என்ன சாக்கு? சாகக் கிடப்பவளின் கண்ணிலும் நான் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டேன். வேறொன்றுமில்லை.

ஆவணி முடியுமுன் அவள் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அன்று எங்கள் வீட்டில் கமலாவுக்குத் தலைத்தீபாவளிச் சீர் பற்றிப் பேச்சு. நான் அடுப்படியில் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லி அழுதேன்.

எனக்கு நோய் திரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றே சொல்கிறார்கள். அந்த நல்ல செய்தியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பெட்டியில் தனியே வருகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவள் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டால், மகள் வீட்டுக்கு என்கிறேன்.

சென்ற முறை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவோடு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் மகிழ்ந்து, “உங்களைப் பார்த்தா மத்தவங்களுக்குத் தைரியம் வரும். வார்டுல ஒரு அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. உங்க ஊர்ப் பக்கந்தான். ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க” என்றார். சரி என்றேன்.

போனேன். இளவயதுப் பெண். மார்பில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“எனக்கும் உங்கள மாதிரி நல்லாயிருமா?”

“ஆயிரும். ஆனா பரிசோதனைக்கு மட்டும் விடாம வந்திரணும். வேண்டாம்னு யார் சொன்னாலும் கேக்கக் கூடாது.”

அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

“அப்படி யாரு சொல்லுவாக?” என்று கேட்டாள்.

நான் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பி வந்துவிட்டேன்.