சன்னதித் தெருவின் காரியதரிசி

குடுமியை மறுபடியும் அவிழ்த்து முடிகிறார் அணஞ்சபெருமாள். நிற்க மாட்டேன் என்கிறது. திருவனந்தபுரத்தில் காலேஜில் படித்தபோது வைத்த கிராப்பு இன்னும் முழுதாக வளர்ந்தபாடில்லை. தங்கையின் சடையிலிருந்து உருவிய கறுப்பு நூலைச் சுற்றி இறுக்கினால்தான் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு தேறுகிறது. பிறகு சபையின் பித்தளைச் சின்னத்தை வேட்டி நுனியால் துடைத்து மார்பில் குத்திக்கொண்டு, சன்னதித் தெரு முனைக்கு நடக்கிறார்.

சுசீந்திரத்துக்குத் தெற்கே, பஸ் போகும் சாலையை விட்டு வயல் வழியாகப் பிரிந்தால் வரும் ஊர் அது. கோவிலுக்குப் போகும் அந்தத் தெருவின் முனையில் ஒரு கல்தூண். அதில் ஒரு மூங்கில் கழியின் அடியைக் கட்டி, மறுமுனையை எதிரே நட்ட கவைக்கம்பில் சாத்தியிருக்கும். யாரை விடலாம், யாரை வாய்க்கால் கரையோடு சுற்றிப் போகச் சொல்லலாம் என்று சாதி பார்த்துக் கழியைத் தூக்குவதுதான் ஆசாரப் பாதுகாப்புச் சபையின் காரியதரிசி அணஞ்சபெருமாளின் உத்தியோகம். சம்பளம் கிடையாது. வயது இருபத்து மூன்று. சபையில் அவருக்கு அடுத்த இளையவருக்கு அறுபது ஆகப்போகிறது.

அவரோடு காலேஜில் படித்தவர் சத்தியநேசன். இப்போது மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தகப்பனார் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டதால் அவருக்கு இந்தத் தெருவில் தடை இல்லை. பெரியப்பா செல்லக்கண்ணு சேரவில்லை. பனையேறி உரமேறிய நெட்டை உடம்பு. அதே கோவில் சாமிக்கு வருஷம் தவறாமல் நேர்ந்துகொண்டு, வயலில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவர். இருவரும் சந்தைக்குச் சேர்ந்து வருவார்கள். கழி அருகே வந்ததும் தம்பி மகன் தெருவுக்குள்ளும் பெரியப்பா வாய்க்கால் கரைக்குமாகப் பிரிவார்கள்.

“நான் ஒங்க சாமியக் கும்பிடதில்லே, அதனால போலாம். பெரியப்பா கும்பிடுதாரு, அதனால போகப்பிடாது. நல்ல சட்டம்டே!” என்பார் சத்தியநேசன்.

“சட்டம் நானா போட்டேன்? கம்புதான்டே நான் போட்டது” என்பார் காரியதரிசி.

ஒருநாள் சத்தியநேசன் கேட்டேவிட்டார். “காலேஜிலே கதர் உடுத்த பயதானே நீ? இந்தக் கெளடுகளோட எப்பிடிடே போய்ச் சேந்தே?”

அணஞ்சபெருமாள் மறைக்கவில்லை. “கதர்க்காரன்கிட்டத்தான் மொதல்ல போனேன். எனக்கு முன்னால நாப்பது பேரு நிக்கான். எல்லாவனும் பீ.ஏ. என்னையப் பாத்து, தம்பி, ஓடை அள்ளப் போன்னான். அப்பொறம் ஜெயிலுக்கும் போணுமாம். இங்க வந்தேன். வந்தன்னைக்கே நாக்காலி போட்டானுவோ, பாத்துக்கோ.”

அந்த நாற்காலியின் அருமை தெரிய அவர் வீட்டைப் பார்க்க வேண்டும். சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்துப் போகும் மருமக்கள்வழிக் குடும்பம் அது. நிலம், பத்தாயம், சாவிக்கொத்து எல்லாம் தாய்மாமன் திரவியம் பிள்ளை கையில். இவர் மருமகன்மாரில் ஐந்தாவது. மாமன் இருக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. பரீட்சையில் தோற்று வந்த நாளிலிருந்து மாமன் இவரிடம் பேசியது பெரும்பாலும், “ஏலே, அந்த மாட்டை அவுத்துக் கெட்டு” என்பதுதான். சபையிலோ மாமன் எதிரே பெஞ்சில். மருமகன் மேடையில், நாற்காலியில். மாமன் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஆசாரம் என்ன ஆனாலும், அந்த நாற்காலி போனால் திரும்பவும் மாட்டுத் தொழுவம்தான். இது அணஞ்சபெருமாளுக்குத் தெரியும்.

ராஜபக்தியில் சபை யாருக்கும் இளைத்ததல்ல. ஆண்டுக் கூட்டம் எப்போதும் மகாராஜாவின் பிறந்தநாளில்தான். இந்த வருஷம் காரியதரிசி அரைமணி நேரம் பேசுவதாக ஏற்பாடு. கேட்க வருவதாக மாமனும் சொல்லியிருந்தார். அணஞ்சபெருமாள் வாழைத்தோட்டத்தில் நின்று, குலைகளை மகாஜனங்களாகப் பாவித்துப் பேசிப் பேசிப் பழகினார். வேலிக்கு வெளியே போன சத்தியநேசனுக்குக்கூடப் பாதி மனப்பாடமாகிவிட்டது.

கூட்டத்தன்று மகாராஜா படத்துக்குத் தோவாளைப் பிச்சி மாலை. குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. அந்த நேரம் பார்த்து நாகர்கோவில் பஸ்ஸில் பத்திரிகை வந்தது. கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட மகாராஜா உத்தரவு!

சபைத் தலைவர் குற்றாலம் பிள்ளை கண்ணாடியை மாட்டி ஒருமுறை படித்தார். கழற்றித் துடைத்து இன்னொரு முறை படித்தார். பெரியவர்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம்.

“பொன்னு தம்புரானே சொல்லியாச்சு. இனி நமக்கென்ன ஓய்?” என்றார் தலைவர். “நன்றி சொல்லி ஒரு தீர்மானம் போட்டிருவோம். காரியதரிசி பேசுவாரு.”

அணஞ்சபெருமாள் எழுந்தார். நாற்காலியை ஒருதரம் பார்த்தார், பெஞ்சில் மாமனைப் பார்த்தார். பிறகு முழங்கினார். முன்னோர் சொன்னது, மரபின் பெருமை, மன்னன் சொல்லைத் தலைமேல் தாங்கும் நாஞ்சில் மண்ணின் குணம் எல்லாம் வந்தன. அரைமணி நேரத்துக்குக் குறையவில்லை.

“ரெண்டே எடத்துலதான் மாத்தினான். மத்ததெல்லாம் வாழைத்தோட்டத்துலே கேட்டதுதான்” என்று வாசலில் நின்ற சத்தியநேசன் சிரித்தார்.

வீடு திரும்பிப் படியேறும்போது திரவியம் பிள்ளை, “கொள்ளாம்லே” என்றார். மாமன் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வருவது அதுவே முதல்முறை.

மறுநாள் காலையில் சபையில் ஒருவரும் தெருப்பக்கம் வரவில்லை. கழியும் போயிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை. குடுமியும் சின்னமுமாகக் காரியதரிசி அங்கே நின்றார்.

“கம்பு இன்னும் எதுக்குடே?” என்றார் பெரியப்பாவோடு வந்த சத்தியநேசன்.

“கூட்டம் ஒழுங்கா போகாண்டாமா? ஆளு நின்னு பாத்து விடணும்லா!”

குளித்து, திருநீறு பூசி, தேங்காய் பழத்தட்டோடு வந்த செல்லக்கண்ணு பழக்கத்தில் வாய்க்கால் கரைப்பக்கம் திரும்பினார். சத்தியநேசன் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“பாட்டா, இனி இங்ஙன வரலாம்” என்று அணஞ்சபெருமாள் கழியைத் தூக்கினார். இடுப்பளவுக்கு.

பெரியவர் குனியவில்லை. தட்டை ஏந்தியபடி நின்றார். கழி மார்பளவுக்கு ஏறியது. அப்போதும் அவர் அசையவில்லை, கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

காரியதரிசி கழியை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை உயர்த்தி, தலைக்கு மேலே தூக்கினார். நூல் அறுந்து குடுமி சரிந்து கண்ணில் விழுந்தது. அதை ஒதுக்க அவருக்குக் கை இல்லை.