ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த வீடு

என் அத்தான் ரொட்டி சுடுகிறவர். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக, இரவு வேலைதான். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மூன்று மணிக்கு எழுவார். நடுவில் யாராவது தும்மினால் வீடு இரண்டாகும். ஒருமுறை தூக்கம் கெட்டுப் போன நாளில் மாவு பிசையும் மெஷினில் கையைக் கொடுத்து இரண்டு விரல் நுனியை இழந்தவர். அதனால் அந்த விஷயத்தில் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. அக்காவும் பதினாறு வயது மகளும் பூனை மாதிரி நடப்பார்கள்.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்களை இவரோடு ஒருநாள் வீடு பார்க்க அனுப்பியிருக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் மேல்வீட்டுக்காரன் நடப்பானாம். பள்ளிக்கூடம் என்றால் மணி அடிக்குமாம். பஸ் போகும் தெரு வேண்டாம், நாய் வளர்க்கும் தெரு அறவே வேண்டாம். சொந்த வீடு வாங்கக் கையிலிருந்த தொகையோ சின்னது. எட்டு மாதத்தில் பதினாலு வீடு பார்த்தோம், எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறு ரொட்டிக்கடைக்கு விடுமுறை என்பதால் சனி இரவு மட்டும்தான் அவருக்கு வேலை இல்லை. மற்ற நாட்களில் எந்த வீட்டையும் பகலில் பார்க்க அவருக்குக் கண் திறக்காது.

பதினைந்தாவது வீடு ஒரு சந்தின் கோடியில் இருந்தது. இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை, நல்ல தண்ணீர். பின்சுவருக்கு அப்பால் பூட்டிய தகரக் கொட்டகை. அத்தான் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால்மணி நேரம் நின்றார்.

“மச்சான், கேக்குதா?” என்றார் வெளியே வந்து.

“என்ன அத்தான்?”

“ஒண்ணுமே கேக்கல பாரு!”

நான் எலக்ட்ரீஷியன். என் பங்குக்குச் சுவிட்சையெல்லாம் தட்டிப் பார்த்து, ஒயரிங் பிரமாதம் என்று சர்டிஃபிகேட் கொடுத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று ஞாயிறு பார்த்தோம். மூன்றாவது ஞாயிறு அத்தான் அக்காவிடம் கேட்டார். பதினாலு வீட்டுச் சமையலறையிலும் குறை சொன்னவள், “பிடிச்சிருக்குங்க, முடிச்சிடுங்க” என்றாள்.

முடித்தோம். ஒரு ஞாயிறன்று குடியும் போனார்கள். திங்கள் காலை அத்தான் வேலையிலிருந்து வந்து பின்னறையில் படுத்தார். நான் கூடத்தில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குக் கொட்டகையின் ஷட்டர் தடதடவென்று மேலே போனது. அடுத்த நிமிஷம் இரும்பு அறுக்கும் மெஷின் அலற ஆரம்பித்தது. எனக்குப் பல் கூசியது. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் தவறவிட்டேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அத்தான் போர்வையோடு வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இருவரும் கொட்டகைக்கு ஓடினோம்.

பட்டறைக்காரர் மரியாதையான மனிதர். மெஷினை நிறுத்தினார். “பதினோரு வருஷமா இங்கதாங்க இரும்பு கேட்டும் கிரில்லும் பண்றோம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு.” பிறகு அத்தானை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க வீட்டம்மாகிட்ட அப்பவே சொன்னேனே? ஒரு புதன்கிழமை தனியா வந்து, தினமும் இப்படித்தான் சத்தமா இருக்குமான்னு கேட்டாங்க. ஆமாம்மான்னு சொன்னேன். சந்தோஷமா போனாங்களே.”

சொந்த அக்கா! கட்டியவர் தூக்கத்தில் மண்ணைப் போட எப்படி மனசு வந்தது? நாங்கள் திரும்பி நடக்கும்போதே பின்னால் மெஷின் மறுபடி அலறியது.

அக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாமான் அடுக்க ஸ்கூலுக்கு லீவு போட்டிருந்த மகள் பக்கத்தில் நின்றாள்.

“தெரிஞ்சுமா பிடிச்சிருக்குன்னு சொன்ன?” என்றார் அத்தான்.

“தெரிஞ்சதாலதான் சொன்னேன்.” அவள் குரல் இவ்வளவு பெரியது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “இவ குழந்தையா இருந்தப்ப அழ வாயைத் திறந்தா பொத்திடுவேன். பொத்திப் பொத்தியே வளர்த்தேன். ஸ்கூல்ல டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்க பொண்ணுக்குப் பேச வருமான்னு கேட்டாங்க. போன வருஷம் முதலாளி பகல் வேலை தரேன்னார். சம்பளம் கம்மின்னு நீங்கதான் வேணாம்னீங்க. இந்த வீட்ல இனி பகல்ல யாராலயும் தூங்க முடியாது. நாங்க பேசப் போறோம்.”

அத்தான் அவள் பக்கம் ஓரடி நெருங்கினார். “இதெல்லாம் எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“எப்பங்க சொல்றது? நீங்க தூங்கிட்டு இருந்தீங்க.”

அக்கா மேல் இருந்த கோபம் போய் எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது. எத்தனை பகல் அந்தப் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறேன்! நானும் குசுகுசுவென்று பேசிவிட்டுத்தானே வந்தேன்?

அத்தான் மகளைப் பார்த்தார். “நீயாவது சொல்லும்மா. அம்மா சொல்றது நிஜமா?”

அவள் உதடு அசைந்தது. பழக்கதோஷம், வழக்கம் போல மூச்சுக் காற்றில்தான் சொன்னாள். மெஷின் சத்தத்தில் எங்கள் மூவருக்கும் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

அத்தானின் கண் கலங்கிவிட்டது. மகள் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார்.

“சத்தமா சொல்லும்மா,” என்றார்.