நீலக் கோட்டுக்குள் நின்ற சிவப்பு

என் இடது காலின் பெருவிரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும்.

நான் ரோஸ்மேரி, புன்னக்காயலில் மீன் விற்கிறவள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி.

பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில், சேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். எங்கள் கோயிலில் இந்த வருஷம்தான் பெண்களையும் சேர்த்தார்கள். அதில் என் பெயர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே பார்க்கும்போது வெடித்த காலையா நீட்டுவது? நாலு நாளைக்கு முன்பே வெந்நீரில் ஊறவைத்து, விரலடியில் இருந்த காய்ப்பை பிளேடால் செதுக்கினேன். ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. "வலிச்சாத்தானட்டீ பயப்படணும்" என்று மகள் வாயை அடைத்தேன்.

வியாழன் பூசையில் பாதம் துடைத்த சாமியாரின் கை என் விரலடியில் நின்றது.

"கால் கொதிக்குதேம்மா, வாடையும் அடிக்கி. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"நாளைக்குச் சிலுவைப்பாதை செபம் இருக்கே சாமி?"

"அத ஆஸ்பத்திரியில வச்சுச் சொல்லுங்க."

மறுநாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். எலும்பைத் தொடவில்லை. ஆனால் சிவப்பு புண்ணைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு மேல் பரவியிருந்தது. அதைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டார்.

"வலிக்காததுதாம்மா ஆபத்து, நரம்பு மரத்துப் போச்சு. சிவப்பு இந்தக் கோட்டத் தாண்டினா விரல எடுக்க வேண்டி வரலாம்."

அங்கேயே படுக்க வைத்துப் புண் ஆற ஊசி போட ஆரம்பித்தார்கள். "உமக்காகத்தானே செதுக்கினேன்!" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது. அவருக்காகவா? ஊரார் கண்ணுக்காக. அதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "ஊசியை நான் விடமாட்டேன், காலைக் கீழே ஊன்ற மாட்டேன். அந்தக் கோட்டை நீர் காவல் காரும்" என்றேன். மூன்று நாளும் அதே செபம்தான்.

சனிக்கிழமை சிவப்பு கோட்டிலேயே நின்றது. ஈஸ்டர் காலையில் மகள் குனிந்து பார்த்துக் கத்தினாள்: "எம்மா, சிவப்பு உள்ள வாங்கிட்டு!" டாக்டரம்மாவும் பார்த்துத் தலையாட்டினார். சேசுவுக்கு நன்றி, விரல் பிழைத்தது.

இப்போது தினமும் செபமாலை முடிந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். வெறுங்காலோடு கடற்கரை மணலில்கூட இறங்குவதில்லை.

சர்க்கரை உள்ள சகோதர சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் காலைப் பாருங்கள். புண் இருந்தால் சிங்காரித்து மறைக்காதீர்கள். ஆண்டவரிடம் அப்படியே காட்டுங்கள். காட்டிவிட்டு, முதல் பஸ்ஸில் ஏறுங்கள். அவர் கூடவே வருவார். என் கூட வந்தார்.