ஐந்தாவது ஆல்பத்துக்குள் போகும் வழி

அந்த இசைக்குழுவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எந்த ஆல்பத்திலிருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும் என்று என்னோடு குடுமிப்பிடி சண்டைக்கு வர ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். பெங்களூரில் நாலு பையன்களும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆரம்பித்த குழு. இதுவரை ஆறு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. கன்னடத்தில் கத்துவார்கள், தெலுங்கில் கொஞ்சுவார்கள், தமிழில் அழவைப்பார்கள். ஒரு ஆல்பம் முழுக்க வார்த்தையே கிடையாது. இத்தனையும் அதே ஐந்து பேர்தானா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் குழு என்றால் உயிர். அவர் ஓசூர் பக்கத்துக் கெலமங்கலத்துக்காரர். அம்மாவிடம் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர். ஒரே பாட்டில் மூன்று பாஷை வந்தால் அவருக்கு அது சொந்தக்காரர்கள் கூடிய வீடு மாதிரி. நான் ஊத்தங்கரைப் பக்கம். தமிழை விட்டால் வேறு எதுவும் தெரியாமல் ஓசூருக்கு வாழ வந்தவள்.

கல்யாணமாகிச் சில வருடங்களில் எங்கள் பேச்சு சுருங்கிவிட்டது. அவர் கம்பெனியில் மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும். நான் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பகல் வேலை. அவர் செருப்பைக் கழற்றும்போது நான் மாட்டிக்கொண்டிருப்பேன். கேஸ் வந்ததா, மோட்டார் போட்டீர்களா, தயிர் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இவ்வளவுதான். சண்டைகூட இல்லை. சண்டை போடவும் நேரம் வேண்டுமே.

ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் வெங்காயம் நறுக்கும்போது கவனித்திருக்கிறேன். முகம் வேறு மாதிரி ஆகிவிடும். கண்ணை மூடுவார், தலையை ஆட்டுவார், தனக்குத் தானே சிரித்துக்கொள்வார். அந்த முகத்தை எனக்கு அவர் காட்டியதே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த ஆளை நான் பார்த்துப் பேசாமலே போய்விடுவேனோ என்று பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். ஒருநாள் ஹெட்போனை அவர் காதிலிருந்து பிடுங்கி, இந்த ஆளுங்களை நான் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர் உடனே மூன்றாவது ஆல்பம் என்றார். அதுதான் புதியவர்களுக்குச் சுலபமாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் என் வேலை. ஷிஃப்ட் ஆரம்பித்ததும் மெஷினில் இருந்து வரும் முதல் பீஸை என் மேஜைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் அளந்து ஓகே சொன்ன பிறகுதான் அடுத்தது ஓடும். முதல் பீஸ் சரியில்லாமல் மூன்றாவது பீஸைக் கையில் எடுத்தால் எங்கள் லைனில் சிரிப்பார்கள். ஒன்றாவதையே போடுங்கள் என்றேன்.

போட்டார். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் காதில் எதையும் அடைத்துக்கொள்ளாமல் நின்ற மாதிரி இருந்தது. யாரோ கன்னடத்தில் அலறினார்கள், அதைவிட கிட்டார் அலறியது. இரண்டு பாட்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே ஹெட்போனை வாங்கிக்கொண்டார்.

"விடும்மா, உனக்கு இது செட் ஆகாது" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திய மாதிரி வலித்தது. எனக்கு எது செட் ஆகும், ஆகாது என்று சொல்ல இவர் யார் என்று வீம்பு பிடித்துக்கொண்டது. அடுத்த நாளே கம்பெனி பஸ்ஸில் போனை எடுத்து ஆரம்பித்தேன், அவருக்குத் தெரியாமல்.

வழி கேட்க ஆள் இல்லாததால் பாட்டுகளுக்குக் கீழே ரசிகர்கள் எழுதுவதைப் படித்தேன். தலை சுற்றியது. இரண்டாவதில் ஆரம்பிக்காதவன் ரசிகனே இல்லை என்று ஒருவர். ஆறாவதில் ஆரம்பித்துப் பின்னால் போ என்று இன்னொருவர். மூன்றாவது என்று சொல்பவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஐந்தாவதுதான் சிகரம். அதை யாரும் முதலில் கேட்கக் கூடாது.

நான் வரிசையாகவே போனேன். ஒன்றாவதை மறுபடியும் கேட்டேன், இந்த முறை அலறலுக்கு நடுவே ஒரு சிரிப்பு இருப்பது தெரிந்தது. இரண்டாவதில் தெலுங்கு எனக்குப் புரியவில்லை, ஆனால் யாரோ யாரையோ சமாதானப்படுத்துகிறார்கள் என்பது புரிந்தது. மூன்றாவதில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி ஒரு தமிழ்ப் பாட்டு. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன், பக்கத்து சீட் பெண்ணிடம் தூசி என்று சொன்னேன். நாலாவதில் ஸ்டாம்பிங் மெஷின் சத்தத்தையே தாளமாக்கியிருந்தார்கள். நாள் முழுக்கத் தலைவலியாக இருக்கும் அந்தச் சத்தத்துக்குள் இப்படி ஒரு ஆட்டம் இருந்ததா என்று அசந்துபோனேன். அதன் பிறகு பல நாள் லைனில் நிற்கும்போது என் கால் தானாகத் தாளம் போட்டது. ஐந்தாவதை அப்புறம் சொல்கிறேன். ஆறாவது, கைதட்டலும் குரலும் மட்டும். அவ்வளவு எளிமை.

ஐந்தாவதில்தான் மாட்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒரே ஒரு பாட்டு. பாட்டு என்று கூடச் சொல்ல முடியாது. ம்ம்ம் என்று ஒரே சுருதி. வேலையில்லாமல் சும்மா ஓடும் மெஷின் போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் நிறுத்தினேன். சிகரமாம் சிகரம் என்று மனதுக்குள் அந்த ரசிகர்களைத் திட்டினேன்.

ஒரு சாயங்காலம் எல்லையில், ஜூஜுவாடியில் பஸ் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் லாரிகள், பின்னால் லாரிகள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். போனில் சார்ஜும் குறைவு, வேறு பாட்டைத் தேடச் சோம்பல். ஐந்தாவதையே ஓடவிட்டு சீட்டில் சாய்ந்தேன். இன்ஜின் சத்தம் இல்லாமல் அதைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சுருதியில் எங்கோ ஒரு சின்ன அசைவு. மெஷின் சத்தத்தில் அசைவு வந்தால் எனக்கு உடனே தெரியும், ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். ஆனால் இது தேய்மானம் இல்லை. காதைக் கூர்மையாக்கினேன். மறுபடியும் வந்தது. யாரோ மூச்சு இழுக்கிறார்கள்.

அது மெஷினே இல்லை. ஐந்து பேர் வாயை மூடி ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மூச்சு தீரும்போது மற்ற நாலு பேர் தாங்கிக்கொள்கிறார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததும் அடுத்தவர் விடுகிறார். முக்கால் மணி நேரம் அந்தச் சுருதி ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. ஒரு இடத்தில் அந்தப் பெண் திரும்பி வரக் கொஞ்சம் தாமதமாகிறது. சத்தம் மெலிந்து நூலாகிறது, போயிற்று என்று நினைக்கிறேன், அப்போது அவள் வந்து சேர்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பஸ் எப்போது நகர்ந்தது என்றே தெரியாது.

இறங்கி நடக்கும்போதும் அதே நினைப்பு. மனுஷ மூச்சால் இப்படி ஒன்று செய்ய முடியுமா. எங்கள் வீடும் அப்படித்தானே ஓடுகிறது என்றும் தோன்றியது. ஒருவர் விட இன்னொருவர் பிடிக்கிறோம், அதனால்தான் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கிறது. அதை நான் இத்தனை நாள் வெறும் இரைச்சலாகவே கேட்டிருந்தேன்.

அந்த வாரம் அவருக்கு இரவு ஷிஃப்ட். நான் உள்ளே நுழையும்போது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸில் சாதம் வைத்துக்கொண்டிருந்தார். ஆறு ஆல்பத்தையும் கேட்டு முடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எது பிடித்தது என்று கேட்டார். ஐந்தாவது என்றேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அத நான் முழுசா கேட்டதே இல்லம்மா. யார்கிட்டயும் சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டாளிகள் நடுவில் இத்தனை வருடமும் ஆகா ஓகோ என்று தலையாட்டி ஒப்பேற்றி வந்திருக்கிறார். எட்டு மணி நேரம் அங்கே மெஷின் இரைச்சல், காசு கொடுத்து அதையே வீட்டிலும் கேட்பார்களா என்று தன் பக்க நியாயத்தையும் சொன்னார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார், அதற்குள் எங்கிருந்து போவது என்று.

"சத்தத்த கேக்காதீங்க. மூச்ச கேளுங்க" என்றேன்.

ஹெட்போனில் ஒன்றை அவர் காதில் வைத்து, மற்றதை நான் வைத்துக்கொண்டேன். சமையல் மேடையை ஒட்டி இரண்டு பேரும் நின்றோம். கொஞ்ச நேரம் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மரியாதைக்குக் கேட்கிறார் என்பது தெரிந்தது. முதல் மூச்சு வந்தபோது அவர் கையைத் தொட்டேன். அடுத்ததற்கு அவரே என் கையை அழுத்தினார். அந்தப் பெண் தாமதிக்கும் இடம் வந்தது. சத்தம் மெலிய மெலிய அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் வந்து சேர்ந்ததும் பெருமூச்சு விட்டு, "ஏமிதி" என்றார். இது என்ன என்று அர்த்தம். ஆச்சரியம் தாங்காவிட்டால் அவர் தெலுங்குக்குப் போய்விடுவார். நான் இவ்வளவு நாள் தூரத்தில் இருந்து பார்த்த அந்த முகம், கண்ணெல்லாம் நனைந்து, என் முகத்துக்கு எதிரில் இருந்தது. பாட்டைவிட எனக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

பாதியில் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை வழியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஹெட்போனை அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பினேன்.

காலையில் நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். இரவெல்லாம் நின்ற களைப்பு. வழக்கமாகப் பால் வாங்கிவிட்டேன் என்பார், நான் சரி என்பேன். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கும் முன்பே மீதி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கேக்கல" என்றார். "நீ பக்கத்துல இல்லாம அத எப்டி கேக்கறது?"