பீர்த் தொட்டிக்கு வைத்த பூசை

ரயில் பண்டாரவளையோடு நின்றுகொண்டிருந்த காலத்தில், தேயிலைத் தோட்டம் பார்த்து ஓய்ந்த துரை ஒருவர் அங்கே பீர் காய்ச்சத் தொடங்கினார். சீமைப் பீரில் பாதிப் புட்டி வழியிலேயே உடைந்துவிடும். இங்கேயோ அவருடைய ஊர்க் குளிர் சும்மா கிடக்கிறது. ஓடையோரம் கல்லில் கொட்டகை கட்டினார். இரண்டே வருஷத்தில் நமுனுகுல மலையைச் சுற்றியிருந்த பங்களாக்களுக்கெல்லாம் எங்கள் பீப்பாய்தான் மாட்டுவண்டியில் போனது. நான் அங்கே கணக்கப்பிள்ளை. கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால், துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் பேசும் வாயும் நானே.

பீர் நுரைக்கிற தொட்டி இருந்த அறையில் வெந்நீரைத் தவிர வேறெதுவும் படக்கூடாது என்பது துரையின் கட்டளை. ஆயுத பூசையன்று அவர் பதுளைக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போய்விட்டார். தோட்டத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குப் பூசை போடுவார்கள். எங்களுக்குத் தொட்டிதானே ஆயுதம்? தொட்டிக்குச் சந்தனம் வைத்தேன். தரை வெறுமையாக இருந்தது மனதை உறுத்தியது. தரை கழுவும் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"சாணி கரைச்சு மெழுகு புள்ள."

"தொரை திட்டுவாருங்களே."

"தொரை கிடக்காரு. சாமி பெருசா, தொரை பெருசா?"

மெழுகினாள். அந்த மாதம் போன பீப்பாய் அத்தனையும் புளித்துத் திரும்பி வந்தன.

துரை தரையோரத்தில் காய்ந்திருந்த சாணிக் கறையை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். நான் பக்கத்துப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டேன். பீப்பாய் ஆடியது. சாமி பெருசா என்று கேட்ட வீரன் சாமியைக்கூடக் கூப்பிட மறந்துபோனேன்.

"யார் செய்தது?" என்றார் துரை. என் விரல் என்னைக் கேட்காமலே அவள் பக்கம் நீண்டது.

அவளுக்குப் புருஷன் காய்ச்சலில் கிடந்தான். வேலை போனால் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும். பதறிப்போனாள்.

"அய்யா சொல்லித்தானே மெழுகுனேன். தொரைக்கிட்ட எடுத்துச் சொல்லுங்கய்யா."

எடுத்துச் சொன்னேன். "யாரையும் கேட்காமல் தானே செய்தாளாம், தப்பை ஒப்புக்கொள்கிறாள்" என்று, இலக்கணம் பிசகாத இங்கிலீஷில். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக இங்கிலீஷ் பேசியதே இல்லை. அவளுக்காக வாதாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் கைகூப்பி நின்றாள். துரையோ அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். சீட்டுக் கொடுக்காமல் துரத்தினார். சீட்டு இல்லாத ஆளை எந்தத் தோட்டமும் பேர் பதியாது.

கொட்டகையும் பிழைக்கவில்லை. தரையைப் பெயர்த்தும் தொட்டியை மாற்றியும் பார்த்தார், புளிப்பு போகவில்லை. துரைமார் சீமைப் புட்டிக்கே திரும்பினார்கள். கொட்டகையை மூடும்போது எனக்கு மட்டும் சீட்டு எழுதினார்: நம்பிக்கையான ஆள் என்று. அதைக் காட்டித்தான் அடுத்த வேலையில் சேர்ந்தேன்.

பின்னொரு நாள் லுணுகலைக் கடைவீதியில் அவள் எதிரே வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"புருசன் எங்க புள்ள?"

"பசறை ரோட்டுலயே செத்துப் போயிட்டாருங்க. ஒரு தோட்டத்துலயும் ஏத்துக்கலை." பிறகு கையைக் கூப்பினாள். "நீங்க அம்புட்டு நேரம் எனக்காகப் பேசுனீங்க. தொரைதான் மனசு எறங்கலை."

"கல்நெஞ்சுக்காரத் தொரை" என்றேன். நாக்கு கூசவில்லை, கால்தான் அங்கே நிற்கவில்லை. அருகே நகர்ந்த மாட்டுவண்டியில், எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் தொற்றி ஏறினேன்.

"பாத்துப் போங்கய்யா" என்றாள்.

வண்டி ஊரைத் தாண்டிய பிறகுதான், எனக்கு வேலை லுணுகலையில் என்பது நினைவுக்கு வந்தது. நான் இறங்கவில்லை.