நெவிலுக்கு எந்த ஊர்ப் பேச்சு?

இங்கிலாந்தில் எங்கள் ஊரான பார்ன்ஸ்லியில் குழாய் ரிப்பேர் பார்க்கும் நெவில் ஹாக்ஸ்வொர்த் அன்றைக்கு யார் வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிறார் என்று தெரிந்துகொள்ள, அவர் வாயைத் திறந்தால் போதும். வேல்ஸ்காரியான ப்ராஸர் அம்மாள் வீட்டு பாய்லரைப் பார்த்திருந்தால், ஒவ்வொரு வாக்கியமும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி இறங்கும். டாக்டர் வீட்டில் குளியல் தொட்டி மாட்டியிருந்தால் தாடையே அசையாது, உதட்டுக்குப் பின்னாலிருந்து சீமான் பேச்சு வரும்.

"ஓ, இன்னிக்கு டாக்டர் வீடா?" என்பார் கதவைத் திறக்கும் மனைவி டோரீன். "பிரபுவே, குப்பைத் தொட்டிய வெளில வெச்சிட்டு உள்ள எழுந்தருளுங்க."

மனுஷர் வேண்டுமென்று செய்வதில்லை. அவருடைய அப்பா பட்டாளத்துச் சமையல்காரர். பதினோரு வருஷத்தில் ஒன்பது பள்ளிக்கூடம். அபர்டீன் பேச்சோடு பர்மிங்காமுக்குப் போனால் அங்கே அடி. பர்மிங்காம் பேச்சோடு பிளிமத்துக்குப் போனால் அங்கேயும் அடி. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். நெவிலுக்கு அது நன்றாகவே உதவியது. நாலாவது பள்ளிக்கூடத்தில், இரண்டாம் மணி அடிப்பதற்குள் பக்கத்து பெஞ்சுக்காரன் பேச்சு அவர் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. அப்பாவுக்கு மாற்றல் நின்றது, பையனின் நாக்குக்கு நிற்கவில்லை. எதிரில் யார் நிற்கிறாரோ அவர் ஊரில் போய் அது குடியேறிவிடும்.

இருபத்தாறு வயதில் வேலை தேடி எங்கள் ஊருக்கு வந்து டோரீனைக் கட்டிக்கொண்டார். டோரீனுக்கு பார்ன்ஸ்லி பேச்சைத் தவிர வேறெதுவும் வராது. கடவுளும் பார்ன்ஸ்லி பேச்சில்தான் உலகத்தைப் படைத்தார் என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம்.

இவர்களின் ஒரே மகள் பெத்தனி, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பையன் ஈவனைக் கட்டிக்கொள்வதாக முடிவானபோதுதான் வினை வந்தது. நிச்சயத்துக்காக எல்லாரும் கிளாஸ்கோ போனார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஆர்ச்சி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நெவில் கையைக் குலுக்கி, "வாங்க, வாங்க, பயணம் எப்படி?" என்றார். நெவில் சுத்தமான கிளாஸ்கோ பேச்சில், "ரொம்ப சௌகரியம் அண்ணே" என்றார்.

ஆர்ச்சியின் முகம் சிவந்தது. "எங்க பேச்சப் பாத்தா கேலியா இருக்கா உனக்கு?"

"ஐயோ, இல்லண்ணே!" இது முந்தினதைவிடக் கெட்டி கிளாஸ்கோ. ஆர்ச்சி அவர் டையைப் பிடித்துவிட்டார். பதற்றம் ஏற ஏற நெவிலின் பேச்சில் கிளாஸ்கோவும் ஏறியது, டையும் இறுகியது. மூன்று பேர் சேர்ந்துதான் பிரித்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் பெத்தனி அப்பாவை உட்கார வைத்துப் பேசினாள். "அப்பா, கல்யாணத்தன்னிக்கு பொண்ணோட அப்பா எழுந்து பேசணும். அன்னிக்கு ஒருநாள், உன் சொந்தப் பேச்சுல பேசு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. ட்ரெவர் மாமா பேசட்டும்."

ட்ரெவர் டோரீனின் தம்பி. ஒரு சாவு வீட்டில் நாற்பது நிமிஷம் பேசி, பாதிரியாரையே உட்கார வைத்த ஆள். நெவில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பெத்தனி பிறந்த அன்றிலிருந்து, சிங்க் அடியில் படுத்துக்கொண்டு அவர் மனசுக்குள் எழுதிவந்த பேச்சு அது.

"சொந்தப் பேச்சுன்னா எதும்மா?"

"அது உனக்குத்தான்ப்பா தெரியணும்."

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நெவில் தேட ஆரம்பித்தார். வேனில் தனியாகப் பேசிப் பார்த்தார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததால் செய்தி வாசிப்பவர்தான் வந்தார். ரேடியோவை அணைத்துவிட்டு, ஒரு வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசினார். மூன்றாவது பிளாட்பாரத்துக்கு வண்டி வருகிறது என்று சொல்கிற குரல் மாதிரி இருந்தது, யாருடைய பேச்சும் இல்லை. அந்த வீட்டுக்காரம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, டோரீனுக்குப் போன் செய்தார்.

டோரீனுக்கு யோசனை பிறந்தது. "வலிச்சா உண்மை வெளில வரும். விரல்ல ஒரு போடு போட்டுப் பாரு."

ஸ்பானரால் கட்டை விரலில் ஒரு போடு போட்டார். பர்மிங்காம் வசவு வந்தது. இன்னொரு போடு போட்டார். பிளிமத் வந்தது, அதுவும் துறைமுகப் பக்கத்தில் மட்டும் பேசுகிற வகை. மூன்றாவது அடிக்கு அப்படியே மாமியார் வந்தார்.

"செத்தவங்கள எதுக்கு இழுக்கிற?" என்று டோரீன் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டார். "என் மூஞ்சியப் பாத்துப் பேசு. பாரு, சுத்தமான பார்ன்ஸ்லி. இதான் உன் பேச்சு. தேடினது போதும்."

அப்போது தபால்காரர் கதவைத் தட்டினார். அவர் அயர்லாந்துக்காரர். அதோடு முடிந்தது.

கடைசியில் நெவில் ஒரு வழி கண்டுபிடித்தார். யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. எழுதிவைத்து, தாளை மட்டும் பார்த்துப் படித்துவிடுவது.

கல்யாண விருந்து சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் நடந்தது. ஒரு பக்கம் கிளாஸ்கோ, ஒரு பக்கம் பார்ன்ஸ்லி, நடுவில் போர்க் பை என்கிற பன்றிக்கறிப் பலகாரம். நெவில் எழுந்து, தாளில் கண்ணை நட்டு ஆரம்பித்தார். "பெத்தனி பிறந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது." அதே பிளாட்பாரக் குரல். முப்பது வருஷமாகச் சேர்த்துவைத்த நகைச்சுவை ஒன்றொன்றும் ரயில் தாமதம் மாதிரி வந்து விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பெத்தனி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரெவர் மெதுவாகக் கோட்டுப் பையிலிருந்து தன்னுடைய தாள்களை எடுத்தார். எட்டுப் பக்கம் இருக்கும்.

"உயிரோட பேசுய்யா!" என்று கத்தினார் ஆர்ச்சி. "கல்யாண வீடா, கருமாதியா?"

நெவில் தலையை நிமிர்த்தினார். ஆர்ச்சியின் முகம் கண்ணில் பட்டது.

"பேசத்தான்ணே பாக்கிறேன், நாக்கு புரள மாட்டேங்குது!" அச்சு அசல் கிளாஸ்கோ.

ஆர்ச்சி எழுந்தார். கிளாஸ்கோ பக்கம் பாதிப் பேர் எழுந்தார்கள். அப்போது பார்ன்ஸ்லி பக்கம் உட்கார்ந்திருந்த ப்ராஸர் அம்மாளும் எழுந்துவிட்டார். "உட்காருங்கய்யா! என்கிட்ட அவர் வேல்ஸ்காரராத்தான் பேசுவாரு. நாங்கூட எங்க ஊர்ப் பக்கம்னு நெனச்சுதான் கேக் குடுத்துட்டிருந்தேன்."

"ரொம்ப நல்ல கேக்கும்மா" என்றார் நெவில், பாட்டாக.

"என்ன? நான் படிச்ச பெரிய பள்ளிக்கூடத்துப் பையன்னு நெனச்சேனே" என்றார் டாக்டர்.

"மன்னிக்கணும் டாக்டர்." தாடை அசையவில்லை.

ஆர்ச்சி பாதி உட்கார்ந்த நிலையிலேயே நின்றார். "அப்போ என்னை மட்டும் கேலி பண்ணலியா?" அதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

நெவில் தாளை மடித்து வைத்தார். "ஒருத்தரையும் பண்ணலண்ணே. எனக்குன்னு ஒண்ணு எங்கயாவது இருக்கான்னு மூணு வாரமாத் தேடினேன். விரல் வீங்கினதுதான் மிச்சம்." அப்புறம் மேஜை மேஜையாகத் திரும்பி, அந்தந்த மேஜையின் பேச்சில் தன் கதையைச் சொன்னார். கிளப் குலுங்கியது. ஆர்ச்சிக்குப் பன்றிக்கறிப் பலகாரம் புரையேறி, ட்ரெவரின் எட்டுப் பக்கத்தால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் நெவிலுக்கு மகளின் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு காரியம்தான் கேட்டாள், அதையும் கெடுத்தாயிற்று.

பெத்தனி முகம் சிவக்க எழுந்து, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் எங்கப்பாவ மன்னிச்சிடணும். சின்ன வயசுலேர்ந்து இவரால எனக்கு மானம் போயிட்டிருக்கு. எதிர்ல நிக்கிறவங்க மாதிரியே பேசுவாரு. நானெல்லாம் எங்க போனாலும் நான் பேசுற மாதிரிதான் பேசுவேன்."

சொன்னது அத்தனையும் கிளாஸ்கோ. துளிகூடக் கலப்படமில்லாத கிளாஸ்கோ.

ஈவன் வாயைப் பொத்திக்கொண்டான். ஆர்ச்சி முன்னால் சாய்ந்து, "பொண்ணு நம்ம ஊர்ல எந்தத் தெரும்மா?" என்றார் மரியாதையாக.

பெத்தனி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்றே ஊர் அவளை வளர்த்திருந்தது. மூக்கு டோரீன், நடை டோரீன், கோபம் சந்தேகமில்லாமல் டோரீன். நெவிலுக்கென்று அவளிடம் ஒரு நகம்கூட இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

டோரீன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சுடா! அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு!"

நெவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எந்த ஊர்ப் பேச்சும் வரவில்லை.